நல்லாத்தான் ஓடுது... ஆனால் அப்டேட் செய்தீர்களா?

வீட்டுக் கம்ப்யூட்டரில் எதையெல்லாம் அப்டேட் செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் மூன்றைச் சொல்வார்கள். விண்டோஸ், ஆன்டிவைரஸ், பிரவுசர். இந்த மூன்றும் இன்று தாமாகவே அப்டேட் ஆகிவிடுகின்றன. நமக்கு அதில் வேலை இல்லை.

இப்போது இன்னொரு கேள்வி. உங்கள் வீட்டில் இன்ஜினீயரிங், பி.சி.ஏ. அல்லது கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் பிள்ளை இருந்தால், அந்தக் கம்ப்யூட்டரில் கிட் என்ற சாஃப்ட்வேர் அநேகமாக இருக்கும். அதைக் கடைசியாக அப்டேட் செய்தது எப்போது?

எங்கள் கெங்குவார்பட்டியில் இந்தக் கேள்வியை நான் கேட்கும்போதெல்லாம் பிள்ளைகள் திருப்பி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அதுக்கும் அப்டேட் இருக்காண்ணே?"

இருக்கிறது. அதுவும் சாதாரண அப்டேட் இல்லை, பாதுகாப்பு அப்டேட். அதைச் செய்யாமல் விட்டால் ஆபத்து வீட்டுக்குள் வரும். அப்படி விடுவதற்கு மாணவனை மட்டும் குறை சொல்வதும் நியாயம் இல்லை. இந்த இரண்டையும்தான் இந்த மாதம் பேச விரும்புகிறேன்.

கிட் எதற்கு?

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு புரோகிராம் எழுதும்போது இன்று செய்த மாற்றம் நாளை தவறாகிப் போகலாம். பழையபடி மாற்ற வேண்டியிருக்கும். நான்கு பேர் சேர்ந்து எழுதினால் யார் எந்த வரியை மாற்றினார் என்று தெரிய வேண்டும். இந்தக் கணக்கை வைத்துக்கொள்வதுதான் வெர்ஷன் கன்ட்ரோல் சாஃப்ட்வேரின் வேலை. சி.வி.எஸ்., சப்வெர்ஷன், மெர்க்குரியல் என்று பல உண்டு. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதியது கிட். இன்று பெரும்பாலான இடங்களில் இருப்பது அதுதான்.

நம் பிள்ளைகளுக்கும் அது புதிதல்ல. தமிழக அரசு 2022 மார்ச்சில் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் படித்த பலர் தங்கள் பிராஜக்டை கிட்ஹப் தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். எழில் நிரல்மொழி, ஓப்பன்-தமிழ் போன்ற தமிழ் முயற்சிகளின் நிரல்களும் அங்கேதான் உள்ளன. வேறு ஒருவர் எழுதிய பிராஜக்டை முழுசாக நம் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும் வேலைக்கு குளோன் என்று பெயர். ஒரே ஒரு வரிக் கட்டளைதான்.

இதில்தான் விஷயமே இருக்கிறது. குளோன் செய்கிறபோது முன்பின் தெரியாத ஒருவரின் ஃபைல்களை நம் வீட்டுக்குள் இறக்குகிறோம். அந்த ஃபைல்களை நாம் திறந்து ஓட்டாதவரை ஆபத்து இல்லை என்றுதான் எல்லோரும் நம்புகிறோம். கிட்டில் ஓட்டை இருந்தால் அந்த நம்பிக்கை பொய்யாகிவிடும்.

ஒரே அறை, பல கள்ளச்சாவிகள்

கிட் வைத்திருக்கும் ஒவ்வொரு பிராஜக்ட் ஃபோல்டருக்குள்ளும் மறைவாக இன்னொரு ஃபோல்டர் உண்டு. அதன் பெயரும் டாட் கிட். கிட்டின் செட்டிங்குகள் அதில் இருக்கும். ஹூக் எனப்படும் குட்டி புரோகிராம்களும் அதில் இருக்கும். குறிப்பிட்ட வேலை நடக்கும்போது கிட் அந்த ஹூக்குகளை யாரையும் கேட்காமல் ஓட்டும். எனவே வெளியாள் எழுதிய ஃபைல் எதுவும் அந்த அறைக்குள் போகக் கூடாது.

எங்களுக்குப் பக்கத்தில் தேவதானப்பட்டியில் மூங்கிலணை காமாட்சி அம்மன் கோயில் இருக்கிறது. அங்கே அடைத்த கதவுக்குத்தான் பூஜை. டாட் கிட் ஃபோல்டரின் கதவும் வெளியாருக்கு அப்படித்தான் அடைத்திருக்க வேண்டும். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த பெரிய ஓட்டைகளில் பல, இந்தக் கதவுக்குச் செய்யப்பட்ட கள்ளச்சாவிகளே.

2014 டிசம்பரில் முதல் பெரிய அதிர்ச்சி வந்தது. விண்டோஸும் மேக்கும் ஆங்கிலச் சிறிய எழுத்தையும் பெரிய எழுத்தையும் ஃபைல் பெயரில் ஒன்றாகவே கருதும். கிட் வேறு வேறு என்று நினைத்தது. ஒருவர் தன் பிராஜக்டில் பெரிய எழுத்தில் ஒரு டாட் கிட் ஃபோல்டர் வைத்து அனுப்பினால் கிட் தடுக்காது. நம் கம்ப்யூட்டரோ அதை உண்மையான டாட் கிட் அறைக்குள்ளேயே எழுதிவிடும். 2.2.1 பதிப்பில் சரி செய்தார்கள். அதே சமயத்தில் மெர்க்குரியலுக்கும் அப்டேட் வந்தது.

2018 மே மாதம் சப்-மாட்யூல் வழியாக இன்னொரு சாவி. ஒரு பிராஜக்டுக்குள் இன்னொரு பிராஜக்டை அடக்கி வைப்பதற்கு சப்-மாட்யூல் என்று பெயர். அதற்குத் தந்திரமாகப் பெயர் வைத்தால், குளோன் செய்கிறபோதே எதிராளியின் ஹூக் ஓடிவிடும். 2.17.1 பதிப்பில் அடைத்தார்கள். 2024 மே மாதம் சப்-மாட்யூலோடு குறுக்கு வழி ஃபைல்களையும் சேர்த்து அதே போன்ற வித்தை. 2.45.1 பதிப்பில் அடைத்தார்கள்.

"லினக்ஸ்காரனுக்குக் கவலை இல்லை" என்று சிலர் சிரிப்பார்கள். 2025 ஜூலையில் அவர்களுக்கும் வந்தது. சி.வி.இ-2025-48384 என்ற எண் கொண்ட அந்த ஓட்டை லினக்ஸையும் மேக்கையும்தான் தாக்கியது. ஃபைல் பாதையின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்தைச் சேர்த்துவிட்டால் கிட் குழம்பி, சப்-மாட்யூலை வேறு இடத்தில் எழுதிவிடும். 2.50.1 பதிப்பில் சரி செய்தார்கள். பழைய பதிப்புகளைப் பயன்படுத்துபவர்களுக்காக 2.43.7, 2.49.1 என்று தனித்தனியாகவும் திருத்தம் கொடுத்தார்கள்.

இதெல்லாம் ஆராய்ச்சியாளர்கள் விளையாட்டு, நிஜத்தில் யார் செய்யப் போகிறார்கள் என்று நினைக்க வேண்டாம். அந்த 2025 ஓட்டையை ஆகஸ்ட் மாதமே அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா, உண்மையிலேயே தாக்குதலுக்குப் பயன்படும் ஓட்டைகளின் பட்டியலில் சேர்த்துவிட்டது.

லேப் கம்ப்யூட்டருக்குத் தனி ஆபத்து

குளோன் செய்யாமலே மாட்டிக்கொள்ளும் வழியும் ஒன்று இருந்தது. கல்லூரி லேப், கம்ப்யூட்டர் சென்டர், பிரவுசிங் சென்டர் போன்ற இடங்களுக்கு இது முக்கியம்.

கிட் எந்த ஃபோல்டரில் வேலை செய்தாலும் அங்கே டாட் கிட் இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அதற்கு மேலுள்ள ஃபோல்டர், அதற்கும் மேல் என்று டிரைவின் உச்சி வரை போய்த் தேடும். ஒருவன் சி டிரைவின் உச்சியில் ஒரு டாட் கிட் ஃபோல்டரை உருவாக்கி, அதற்குள் விஷமக் கட்டளை ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போய்விடுகிறான். அதே கம்ப்யூட்டரில் அடுத்து தன் கணக்கில் நுழைபவர் கிட்டைத் தொட்டதும் அந்தக் கட்டளை இவர் பெயரில் ஓடும். 2022 ஏப்ரலில் 2.35.2 பதிப்பு இதைத் தடுத்தது. ஃபோல்டரின் சொந்தக்காரர் வேறு ஒருவர் என்றால், சந்தேகமாக இருக்கிறது என்று சொல்லி கிட் நின்றுவிடும்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. புதிய எச்சரிக்கை பலருக்குத் தொந்தரவாக இருந்தது. தேடியவர்களுக்கு ஒரு குறுக்கு வழி கிடைத்தது. பாதுகாப்பான ஃபோல்டர் எது என்று கேட்கும் செட்டிங்கில் ஒரு நட்சத்திரக் குறியைப் போட்டுவிட்டால் எல்லா ஃபோல்டரும் பாதுகாப்பானது என்று ஆகிவிடும்! எச்சரிக்கை மறைந்துவிடும். பாதுகாப்பும் கூடவே போய்விடும். பூட்டு இறுகலாக இருக்கிறது என்று பூட்டையே கழற்றி வைப்பது போன்றது இது. அப்படிச் செய்தவர்கள் அந்த நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, தங்களுக்குத் தேவையான ஃபோல்டரின் பெயரை மட்டும் எழுதுங்கள்.

பெரியவர்களுக்கும் நேர்ந்தது

அப்டேட் செய்யாமல் விடுவது சின்னவர்களின் பழக்கம் மட்டும் இல்லை. 2021 மார்ச் 28 அன்று பி.எச்.பி. மொழியின் சொந்த கிட் சர்வரில், அந்த மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் பெயரிலும், முக்கிய நிரலாளர் நிகிட்டா பாபோவ் பெயரிலும் இரண்டு திருட்டு மாற்றங்கள் ஏற்றப்பட்டன. உலகத்தின் ஏராளமான வெப்சைட்கள் ஓடும் மொழி அது! உடன் பணியாற்றுபவர்கள் சில மணி நேரத்தில் கண்டுபிடித்து நீக்கியதால் யாருக்கும் சேதம் இல்லை. பின்னர் விசாரித்தபோது, பயனர் விவரங்கள் வைத்திருந்த அவர்களது இன்னொரு சர்வரிலிருந்து தகவல் கசிந்திருக்கலாம் என்றார்கள். அந்த சர்வர் மிகப் பழைய ஆபரேட்டிங் சிஸ்டத்திலும், மிகப் பழைய பி.எச்.பி.யிலும் ஓடிக்கொண்டிருந்ததாம். பி.எச்.பி.யைத் தயாரிப்பவர்களே தங்கள் பி.எச்.பி.யை அப்டேட் செய்யவில்லை. கடைசியில் சொந்த சர்வரை விட்டுவிட்டு கிட்ஹப்புக்கே மாறினார்கள்.

சொந்தமாக சர்வர் வைத்திருக்கும் சிறு கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜனவரியில் கிட்லேப் சர்வர் சாஃப்ட்வேரில் ஓர் ஓட்டை வெளியானது. அடுத்தவர் கணக்கின் பாஸ்வேர்டை மாற்றும் மெயிலைத் தன் மெயில் முகவரிக்கே வரவழைக்க முடிந்தது. ஆபத்தின் அளவுக்குப் பத்துக்குப் பத்து மதிப்பெண் பெற்ற ஓட்டை அது. இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தவர்களின் கணக்கு மட்டும் பிழைத்தது.

ஏன் யாரும் செய்வதில்லை?

முதல் காரணம், கிட் சத்தம் போடுவதில்லை. விண்டோஸ் அப்டேட்டோடு அது வராது. பலர் கோட் எழுதப் பயன்படுத்தும் விஷுவல் ஸ்டுடியோ கோட் தானாக அப்டேட் ஆகும். ஆனால் அது நம் கம்ப்யூட்டரில் தனியாக இருக்கும் கிட்டைத்தான் கூப்பிடுகிறது. டார்ட்டாய்ஸ்கிட்டும் அப்படியே. ஆமையை அப்டேட் செய்துவிட்டு கிட்டும் அப்டேட் ஆகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். விண்டோஸுக்கான கிட்டை இன்ஸ்டால் செய்யும்போது, தினமும் அப்டேட் இருக்கிறதா என்று பார்க்கவா எனக் கேட்கும் ஒரு பெட்டி வரும். அது டிக் செய்யப்படாமலேயே வரும். நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிப் போகும் நம் பழக்கத்தில் யார் அதைக் கவனிக்கிறார்கள்?

இரண்டாவது காரணம் பென்டிரைவ். சில மாதங்களுக்கு முன் எங்கள் ஊர்ப் பையன் ஒருவனின் லேப்டாப்பைப் பார்த்தேன். கிட் 2.17.0 இருந்தது. 2018 ஏப்ரலில் வந்த பதிப்பு. அதற்கு அடுத்த எண்ணான 2.17.1-ல்தான் மேலே சொன்ன சப்-மாட்யூல் ஓட்டை அடைக்கப்பட்டது. ஒரே ஓர் எண் வித்தியாசம்! அவன் படிக்கும் கல்லூரி லேபில் ஒரு பென்டிரைவில் எல்லா சாஃப்ட்வேரும் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆண்டுதோறும் புதிதாக வரும் மாணவர்கள் அதிலிருந்தே காப்பி எடுத்துக்கொள்கிறார்கள். அந்த பென்டிரைவ் தயாரான நாளோடு கிட்டின் வயதும் நின்றுவிட்டது. "நல்லாத்தானே ஓடுதுண்ணே" என்றான் பையன்.

ஓடுகிறது, உண்மைதான். எங்கள் ஊர்ப் பக்கம் காட்ரோட்டில்தான் கொடைக்கானல் மலைப்பாதை ஏறும். வேன் நல்லாத்தான் ஓடுகிறது என்று சொல்லி எந்த டிரைவரும் பிரேக்கைப் பார்க்காமல் மலை ஏறுவதில்லை.

மூன்றாவது காரணம் பழைய கம்ப்யூட்டர். 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில் வந்த கம்ப்யூட்டர்களில் சில கிராமத்து வீடுகளில் இன்றும் உயிரோடு இருக்கின்றன. அண்ணன் வாங்கியது, தம்பி படிக்கிறான். அவற்றில் விண்டோஸ் 7 இருந்தால், 2024 அக்டோபரில் வந்த 2.47 பதிப்பிலிருந்து விண்டோஸுக்கான கிட் அதில் ஏறாது. அதன் பின் வந்த திருத்தங்களும் அந்தக் கம்ப்யூட்டருக்கு இல்லை. 2025 ஜூலையில் விண்டோஸுக்கென்றே ஒரு திருத்தம் வந்தது. கிட் ஜி.யு.ஐ. மெனுவில் கிட் பேஷ் என்பதைத் தட்டினால், பிராஜக்டுக்குள் எதிராளி அதே பெயரில் வைத்திருக்கும் புரோகிராம் ஓடிவிடும் என்பதுதான் அந்த ஓட்டை.

இழப்பு யாருக்கு?

நகரத்து நிரலாளருக்கு அலுவலக லேப்டாப் தனி, வீட்டு லேப்டாப் தனி. நம் பக்கம் அப்படியா? ஒரு வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் இருந்தாலே பெரிது. மகன் பிராஜக்ட் செய்யும் அதே கம்ப்யூட்டரில்தான் அப்பாவின் மாங்காய்க் கமிஷன் கணக்கு இருக்கிறது. தங்கையின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், வீட்டார் எல்லோரின் ஆதார் ஸ்கேன், பத்திரங்களின் ஸ்கேன், கல்யாண ஃபோட்டோ எல்லாம் அதில்தான். பிரவுசரில் நெட்பேங்கிங் பாஸ்வேர்டைச் சேமித்து வைத்தவர்களும் உண்டு.

கிட்டின் ஓட்டை வழியாக ஓடும் புரோகிராம், அந்த மாணவன் என்னென்ன ஃபைலைத் திறக்க முடியுமோ அத்தனையையும் திறக்கும். கிட்ஹப்புக்குள் நுழையும் ரகசியச் சாவி போனால் அவன் பெயரில் வேறு ஒருவன் நிரலை மாற்றுவான். நான்கு ஆண்டு உழைப்பைக் காட்டி வேலை தேடும் பையனுக்கு அந்தப் பெயர்தான் சொத்து.

மறுபக்கமும் உண்டு

அப்டேட் செய்தால் ஏதாவது கெட்டுப்போகும் என்று சொல்பவர்களின் பயத்தை நான் மறுக்கவில்லை. 2024 மே மாதத்து 2.45.1 பதிப்பில், ஓட்டையை அடைத்ததோடு கூடுதலாகச் சில தடைகளையும் சேர்த்தார்கள். பெரிய ஃபைல்களுக்கான கிட் எல்.எஃப்.எஸ். அதனால் தடுமாறியது. சில வாரங்களிலேயே 2.45.2 பதிப்பில் அந்தக் கூடுதல் தடைகளை நீக்கிவிட்டார்கள். ஓட்டைக்கான திருத்தம் அப்படியே இருந்தது. கெடுவதும் உண்டு, உடனே சரியாவதும் உண்டு. சில நாள் தொந்தரவுக்குப் பயந்து பல ஆண்டு திறந்த கதவோடு இருப்பது சரியா?

டேட்டா செலவு என்பார்கள். விண்டோஸ் கிட் சுமார் 60, 70 எம்.பி. தான். தினம் பார்க்கும் வீடியோக்களோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

அப்டேட் செய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். வேலை தருவதாகச் சொல்லி, இந்த பிராஜக்டை இறக்கி ஓட்டிக் காட்டு என்று கேட்டு ஏமாற்றும் கும்பல்கள் உலகெங்கும் உள்ளன. நாமே ஓட்டினால் எந்த அப்டேட்டும் காப்பாற்றாது. அப்டேட் கதவை மட்டும்தான் அடைக்கும். யாரை உள்ளே விடுவது என்று பார்க்க வேண்டியது நாம்தான்.

யார் பொறுப்பு?

என் கருத்தில், சாஃப்ட்வேரைக் கையில் கொடுப்பவருக்கே முதல் பொறுப்பு. கிட் எப்படி இன்ஸ்டால் செய்வது என்று சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் எப்படி அப்டேட் செய்வது என்பதையும் அதே வகுப்பில் சொல்ல வேண்டும். ஐந்து நிமிடம் போதும். கல்லூரிகளும் கம்ப்யூட்டர் சென்டர்களும் பழைய பென்டிரைவைத் தூக்கி வைத்துவிட்டு, அதிகாரப்பூர்வத் தளத்திலிருந்து இறக்கும்படி மாணவர்களிடம் சொல்லட்டும். இன்டர்நெட் சரியில்லாத இடமென்றால் பருவத்துக்கு ஒரு முறை அந்த பென்டிரைவைப் புதுப்பிக்கட்டும். விண்டோஸுக்கான கிட்டைத் தயாரிப்பவர்களும் அந்தத் தினசரிப் பெட்டியை டிக் செய்தே அனுப்பலாம். வேண்டாம் என்கிற நிபுணர் எடுத்துவிடுவார். தெரியாதவரைக் காப்பாற்றும்படி அல்லவா ஒரு சாஃப்ட்வேர் அமைய வேண்டும்?

அதுவரை காத்திருக்காமல், வீட்டில் இதைச் செய்யுங்கள்.

1. கமாண்ட் விண்டோவில் ஆங்கிலத்தில் கிட் என்று டைப் செய்து, ஓர் இடம் விட்டு, இரண்டு சிறு கோடுகள் போட்டு, ஒட்டினாற்போல் வெர்ஷன் என்று டைப் செய்து என்டர் தட்டுங்கள். பதிப்பு எண் வரும்.

2. விண்டோஸில் பழைய எண் வந்தால், கிட்-எஸ்.சி.எம். டாட் காம் என்ற அதிகாரப்பூர்வத் தளத்தில் புதியதை இறக்கி, பழையதன் மேலேயே இன்ஸ்டால் செய்யுங்கள். உங்கள் பிராஜக்டுகள் அழியாது. தினசரிப் பெட்டியை மறக்காமல் டிக் செய்யுங்கள்.

3. லினக்ஸில் வழக்கமான சிஸ்டம் அப்டேட் போதும். உபுண்டு, டெபியன் போன்றவை பழைய எண்ணை வைத்துக்கொண்டே திருத்தத்தை மட்டும் சேர்ப்பதுண்டு. எனவே எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த லினக்ஸ் பதிப்புக்கு இன்னும் அப்டேட் வருகிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

4. விண்டோஸ் 7 கம்ப்யூட்டர் என்றால், இன்றும் அப்டேட் வரும் இலகுவான லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். பழைய லேப்டாப்புக்கு அது மறுவாழ்வு.

5. முன்பின் தெரியாதவரின் பிராஜக்டை சப்-மாட்யூல்களோடு சேர்த்து ஒரேயடியாகக் குளோன் செய்யாதீர்கள். முதலில் பிரவுசரில் பார்த்துவிட்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.

6. கிட்ஹப், கிட்லேப் கணக்குக்கு இரட்டைச் சரிபார்ப்பு வையுங்கள்.

மொத்தம் அரை மணி நேர வேலை. பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிராஜக்ட் முடிந்ததா, மார்க் எவ்வளவு என்று கேட்கிறீர்கள் அல்லவா? "கிட்டை எப்பப்பா அப்டேட் பண்ணினே?" என்றும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளை ஆச்சரியப்படுவான். அன்று சாயங்காலமே அப்டேட்டும் செய்துவிடுவான்!